சோர்லி ஏன் மெல்ல நடக்கிறான்

பிரெக்கா பண்ணை, 9 ஜூலை 1979

அன்பு அக்கா ரக்னாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பிரெக்கா பண்ணையின் மூத்த பூனை நேற்று மதியம் மோர்ப் பீப்பாய்க்குள் தவறி விழுந்து, முக்கால் நிமிடம் நீந்தி, சொந்த முயற்சியால் கரையேறியது. உயிர்ச்சேதம் இல்லை. மோரை அம்மா வடிகட்டிவிட்டாள். வெளியே சொல்லக்கூடாது என்று உத்தரவு. நீ தீவில் இருக்கிறாய், குடிக்கப்போவதில்லை, அதனால் உனக்குச் சொல்லலாம்.

தொலைபேசியில் சொல்லியிருப்பேன். ஆனால் பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே கம்பி. நம் வீட்டு மணி அடித்தால் பதினோரு வீட்டில் எடுக்கிறார்கள். போன தடவை அப்பா எப்படி இருக்கிறார் என்று நீ கேட்டதும், நான் வாய் திறக்கும் முன்னே குத்லாக் கிழவி 'முதுகு பிடிச்சிருக்காம்' என்று பதில் சொன்னாளே, மறந்துவிட்டாயா? முதுகு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

இப்போது பெரிய செய்தி. நேற்றுக் குதிரைக் கூடலில் உன் சோர்லியை நான், முதுகு குலுங்காமல் விரையும் தோல்ட் நடைப் போட்டியில் ஓட்டினேன். மூன்றாவது இடம். இருபத்தோரு வயசுக் குதிரை, அக்கா. முன்னங்காலை மேசை உயரத்துக்குத் தூக்கித் தூக்கி வைத்தான். என் கையில் காபிக் கோப்பை கொடுத்திருந்தால் ஒரு சொட்டு சிந்தியிருக்காது. ஹோல்ட் பண்ணை உல்வாரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கப்பலில் நீ சமைப்பதை மாலுமிகள் இன்னும் உயிரோடு சாப்பிடுகிறார்களா?

உன் புகழ்பெற்ற தம்பி,
காரி

பி.கு. சோர்லி இன்று கொஞ்சம் மெல்ல நடக்கிறான். வயசு.


வெஸ்ட்மன் தீவு, 18 ஜூலை

காரிப் பயலுக்கு,

நான் நலம். மாலுமிகளும் நலம். ஒருவன் மட்டும் என் மீன் உருண்டையைக் குறை சொன்னான். அவனே இப்போது பாத்திரம் கழுவுகிறான்.

மூன்றாவது இடம் என்றாயே, எத்தனை குதிரைகளில்?

அப்புறம், சோர்லி என்னைக்குடா மேசை உயரத்துக்குக் காலைத் தூக்கினான்? பதினாறு வருஷம் நான் ஏறிய குதிரை. தரையைத் தடவிக்கொண்டு போவதுதான் அவன் அழகு. எந்தக் கால் வலிக்கிறது? ஒன்றா இரண்டா? இந்த வருஷம் லாடம் அடித்தது யார்? அப்பாவுக்கு முதுகு முடியாதே.

அப்பாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். கேட்காத மாதிரி இருப்பார். சத்தமாகச் சொல்.

ரக்னா


பிரெக்கா, 25 ஜூலை

அன்பும் சந்தேகமும் நிறைந்த அக்காவுக்கு,

நலம். மழை. காய்ந்த புல் என்று இந்தப் பள்ளத்தாக்கில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. புல் இருக்கிறது, காயத்தான் மாட்டேன் என்கிறது.

நீ விசாரித்ததைச் சத்தமாகச் சொன்னேன். அப்பா வானொலியை அதைவிடச் சத்தமாக வைத்தார்.

வலி இரண்டு முன்னங்காலிலும். புல்லில் பரவாயில்லை. ஜல்லிப் பாதைக்கு வந்தால் முட்டை மேல் நடப்பவன் மாதிரி அடியெடுத்து வைக்கிறான். நிற்கும்போது ஒரு காலை முன்னால் நீட்டி வைக்கிறான், பிறகு அதை மாற்றி இன்னொன்று. அப்பா நேற்று வந்து பார்த்தார். குளம்பைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. 'மூட்டு போச்சு. இருபத்தோரு வயசு. இருக்குற புல்லு ஆட்டுக்கே பத்தாது' என்றார். இலையுதிர் காலத்தில் ஆட்டுக்குட்டிகளை ஏற்ற வரும் லாரியில் சோர்லியும் போகட்டுமாம். இறைச்சி வெட்டும் கூடத்துக்கு, அக்கா. நான் விடுவேனா? பிரெக்காவில் இனி புரட்சிதான்.

லாடம் அடித்ததா? அது ஹோல்ட் பண்ணை லாடக்காரர் தோர்கில்ஸ். அந்த மனுஷன் லாடம் என்றால் பள்ளத்தாக்கே நம்புகிறது. நாமும் நம்பினோம். என்ன செய்ய.

போராளி,
காரி


வெஸ்ட்மன் தீவு, 6 ஆகஸ்ட்

காரி,

உடம்பு நன்றாக இருக்கிறது. மனசு கொதிக்கிறது.

என் குதிரை மேல் யாரும் கை வைக்கக்கூடாது. இதை அப்பாவிடம் சொல். நான் கடலுக்குப் போனதற்குக் கோபம் என்றால் என் மேல் காட்டட்டும். ஒரு வருஷமாக நான் எழுதும் கடிதத்தை எல்லாம் உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் செருகுகிறாராமே, அம்மா சொன்னாள். அடுக்கட்டும். குதிரையை அடுக்க முடியாது.

ஜூன் வரை மலையேறியவனுக்கு ஜூலையில் திடீரென்று இரண்டு மூட்டும் எப்படிப் போகும்? வயசு அப்படி ஒரே நாளில் வராது. லாடம்தான். தோர்கில்ஸுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிவிட்டேன். குதிரைக் காலை வேலிக் கம்பம் என்று நினைத்தீர்களா என்று கேட்டிருக்கிறேன். இன்னும் சிலதும் கேட்டிருக்கிறேன்.

லாடம் எவ்வளவு கனம்? அளந்து எழுது. குளம்பின் முனை எவ்வளவு நீளம்? விரலை வைத்துப் பார்.

ரக்னா


பிரெக்கா, 10 ஆகஸ்ட்

அன்பு அக்கா, அவசரம்,

எல்லோரும் நலம், நான் நலமில்லை.

தோர்கில்ஸுக்கு எதற்கு எழுதினாய்? அவர் பாவம், வயசானவர், இதயம் பலவீனமாக இருக்கலாம். தபால்காரர் சைக்கிளை நிறுத்திக் காபி குடிக்கும்போது அந்தக் கடிதத்தை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன். இந்த வருஷம் அவர் ஜீப் வாங்கிவிட்டார், பூட்டுகிறார்.

மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் போட்டுவிடேன். ஆத்திரத்தில் எழுதினேன், கப்பல் ஆட்டத்தில் கை தவறிவிட்டது என்று எதையாவது சொல்.

லாடம் லாடம் மாதிரித்தான் இருந்தது. அரை வட்டம். இப்போது அளக்க முடியாது, கழன்றுபோயிற்று. குளம்பைக் கொஞ்சம் ராவிவிட்டேன். கொஞ்சம் அதிகமாகவே ராவிவிட்டேனோ என்னவோ.

பூனை நலம்.

காரி


ஹோல்ட், 16 ஆகஸ்ட்

ரக்னாவுக்கு, ஹோல்ட் தோர்கில்ஸ் எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நின்றுகொண்டு ஒரு தடவையும் உட்கார்ந்து ஒரு தடவையும் படித்தேன். நீ உடல்நலத்தோடு இருக்கிறாய் என்று தெரிகிறது.

உன் குதிரையை நான் தொடவில்லை. கூடலில் பார்த்தேன். வளர்ந்துவரும் ஒரு பொலிகுதிரைக்கென்று நான் வசந்தத்தில் செய்து, பட்டறைச் சுவரில் மாட்டியிருந்த இரண்டு லாடம் சோர்லியின் முன்னங்காலில் இருந்தன. பின்னங்காலில் பழைய மெல்லிசு லாடமே. குளம்பின் முனையும் ஒன்றரை விரல் அதிகமாக விடப்பட்டிருந்தது. முன்னால் கனமும் நீளமும் சேர்ந்தால் குதிரை காலை உயர்த்தி வீசும், பார்க்க நன்றாக இருக்கும். வயசான குதிரைக்கு ஒவ்வோர் அடியிலும் குதிநரம்பு இழுபடும். லாடம் என்னுடையது. அடித்தது நான் இல்லை.

உன் அப்பாவும் நானும் அந்த ஆட்டுக்கடாத் தகராறுக்குப் பிறகு பதினைந்து வருஷமாகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியவன் சொல்வதே நல்லது.

லாடத்தை எடுத்துவிட்டு ஈரப் புல்வெளியில் விட்டால் அந்தக் கால் தேறும். மூட்டு நன்றாக இருக்கிறது. நான் கவனித்துப் பார்த்தேன்.

வேலிக் கம்பம் என்று எழுதியதற்கு நான் வருத்தப்படவில்லை.

தோர்கில்ஸ்


வெஸ்ட்மன் தீவு, 24 ஆகஸ்ட்

காரி,

நலம். நாளைக் காலை கப்பல் கிளம்புகிறது. ஐந்து வாரம். நடுவில் தபால் கிடையாது.

தோர்கில்ஸ் பதில் எழுதினார். என்ன எழுதினார் என்று சொல்லமாட்டேன். அவரிடம் ஒரு வேலை ஒப்படைத்திருக்கிறேன், அதையும் சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் கேள். வயசான குதிரைக்கு அப்பா புல் போடமாட்டார். காலில் அடிபட்ட குதிரைக்குப் போடுவார். தேறும் என்று தெரிந்தால் மடியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார், அவரை எனக்குத் தெரியும். அதனால் அது வயசா லாடமா என்பதுதான் முழு விஷயமும். தோர்கில்ஸ் லாடம் அடித்த கதையை எனக்கு எழுதினாயே, அப்பாவிடம் சொன்னாயா? சொல்லவில்லை என்றால் ஏன்?

ஈரப் புல்வெளியில் விடு. ஜல்லிப் பக்கம் கொண்டுபோகாதே.

லாடம் எவ்வளவு கனம்? மூன்றாவது இடம் எத்தனையில்? இன்னும் பதில் வரவில்லை.

ரக்னா


பிரெக்கா, 2 செப்டம்பர்

நடுக்கடலில் இருக்கும் அக்காவுக்கு,

உடல்நலம் உத்தமம். போர்க்களச் செய்தி பின்வருமாறு.

சமையலறைச் சுவரில் அப்பா லாரிப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்: தொண்ணூறு குட்டி, பன்னிரண்டு கிழட்டு ஆடு, சோர்லி. நான் 'சோர்லி'யை அடித்துவிட்டு 'குத்லாக் கிழவி' என்று எழுதினேன். மறுநாள் காலை பழையபடி 'சோர்லி'. அதை அடித்து 'பூனை' என்று எழுதினேன். மூன்றாம் தடவை அப்பா டிராக்டர் பெயின்ட்டால் எழுதிவிட்டார்.

இரண்டு நாள் உண்ணாவிரதம் இருந்தேன். மூன்றாம் நாள் அம்மா ரொட்டி சுட்டாள், போராட்டம் வேறு வடிவம் எடுத்தது. இப்போது தினமும் பள்ளிக்கூட வண்டி வரும் முன் ஓடைக்கரையில் யாரும் சீண்டாத கோரைப் புல்லை அரிவாளால் வெட்டிக் காயப்போடுகிறேன். சோர்லிக்குத் தனிக் களஞ்சியம். இது வரை நாலு மூட்டை. கை முழுக்கக் கொப்புளம்.

நேற்று அப்பா அதைப் பார்த்துவிட்டு, 'கடலுக்குப் போனவளுக்கு எதுக்குக் குதிரை?' என்றார்.

'கரையில இருக்குறவங்களுக்கு எதுக்கு மீனு?' என்றேன்.

அன்று இரவுச் சாப்பாடு மீன்தான். அப்பா எழுந்துபோய் ரொட்டியும் வெண்ணெயும் எடுத்துக்கொண்டார். வீம்பு எங்கிருந்து எனக்கு வந்தது என்று அம்மா கேட்டாள். இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டாள்.

ஆற்றங்கரை ஈரப் புல்வெளியில்தான் விட்டிருக்கிறேன். பதினேழாம் தேதி மலையிலிருந்து ஆடு இறக்கும் நாள். லாரி அன்றைக்கே பட்டிக்கு வருகிறது.

தோல்வி அறியாத,
காரி


பிரெக்கா, 13 செப்டம்பர்

அக்கா,

நீ ஊர் திரும்பும் வரை இதை யாரும் படிக்கப்போவதில்லை. அதனால் எழுத வசதியாக இருக்கிறது.

சோர்லி புல்லில் இப்போது நன்றாக நடக்கிறான். இன்று ஓடைவரை தானாகவே ஓடினான். ஜல்லியில் மட்டும் இன்னும் தயங்குகிறான். 'தேறுது பாருங்கப்பா' என்றேன். 'கிழட்டுக் குதிரை நாலு நாள் நல்லாருக்கும், நாலு நாள் படுத்துக்கும்' என்றார். வேறு காரணம் இருக்கலாமே என்றேன். 'என்ன காரணம்?' என்று கேட்டுவிட்டு, நிஜமாகவே காத்திருந்தார். நான் பூனையைப் பற்றி ஏதோ சொன்னேன்.

தினமும் குளம்பைத் தூக்கிப் பார்க்கிறேன். அவனே காலைத் தூக்கிக் கொடுக்கிறான். ஒரு தடவைகூட உதைக்கவில்லை. உதைத்தால் தேவலை.

காரி


பிரெக்கா, 18 செப்டம்பர்

ரக்னாவுக்கு,

இங்கு நலம். முதுகு பரவாயில்லை.

மலையிலிருந்து இருநூற்றுப் பதினான்கு ஆடு இறங்கியது. மூன்றைக் காணவில்லை. சோர்லி லாரியில் ஏறவில்லை. குளிர்காலத்துக்கு உள்கொட்டிலில் இருப்பான், புல் உண்டு. காரணத்தைக் காரி சொல்லட்டும். என்னிடம் மூன்று தடவை சொன்னான்.

நீ கடலுக்குப் போனது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. குதிரை வேறு விஷயம்.

அம்மா கம்பளிக் காலுறை அனுப்புகிறாள். அலமாரியில் இருந்த கடிதங்களைப் படித்தேன். மீன் உருண்டையில் வெங்காயம் அதிகம் போடுகிறாய் என்று நினைக்கிறேன்.

அப்பா


பிரெக்கா, 20 செப்டம்பர்

வெற்றி, அக்கா,

எல்லோரும் நலம், சோர்லி அதிநலம்.

பதினேழாம் தேதி பள்ளத்தாக்கே பட்டியில் கூடியிருந்தது, வருஷாவருஷம் போலப் பாட்டும் உண்டு. லாரியின் பின்கதவு திறந்திருந்தது. ஆட்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவே நான் போய் அப்பாவின் எதிரில் நின்றேன். முகத்துக்கு நேராகப் பேசினேன். என் குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாட்டை நிறுத்தினார்கள். ஆடுகள்கூட அடங்கின என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். அப்பா தலையைக் குனிந்தார். சோர்லியின் கயிறு என் கைக்கு வந்தது. நானே ஏறாமல் நடத்தி, புல்லோரமாகவே வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

தனி ஒருவனாக, அக்கா. வரலாற்றில் எழுதிக்கொள்.

காரி


வெஸ்ட்மன் தீவு, 30 செப்டம்பர்

காரி,

கரைக்கு வந்தேன். நலம். உன் மூன்று கடிதமும் அப்பாவுடையது ஒன்றும் சேர்த்துப் படித்தேன். அப்பாவுடையதை நாலு தடவை.

சோர்லிக்குப் புல் வெட்டிய கைக்கு அம்மாவிடம் ஆட்டுக்கொழுப்புக் கேட்டுத் தடவு.

இரண்டு கேள்வி பாக்கி இருக்கிறது.

ரக்னா


பிரெக்கா, 8 அக்டோபர்

அன்பு அக்கா,

நலம். நீயும் நலமாக, முக்கியமாகக் கையில் கரண்டி எதுவும் இல்லாமல் உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: லாடத்தின் கனம் பத்து மில்லிமீட்டர்.

உனக்கு ஏற்கனவே தெரியும் என்று இப்போது புரிகிறது. இருந்தாலும் நான் எழுத வேண்டும் என்றுதானே கேட்டுக்கொண்டே இருந்தாய். ஜூனில் கூட்டுறவுக் கடை வாசலில் உல்வார் எல்லோர் முன்னாலும், 'உங்க அக்கா குதிரை தோல்ட் போகுதா, தூக்கத்துல நடக்குதா?' என்று கேட்டான். மறுநாள் தோர்கில்ஸ் பட்டறைச் சுவரிலிருந்து அந்த இரண்டு லாடத்தையும் எடுத்தேன். கேட்டு எடுக்கவில்லை. முன்னங்காலில் நானே அடித்தேன், முனையை வெட்டாமல் விட்டேன். கூடலில் அவன் காலைத் தூக்கி வீசினபோது உலகமே எனக்குக் கீழே இருந்தது. மறுநாள் அவன் கொட்டில் வாசலை விட்டு வெளியே வர யோசித்தான். அப்பா பார்க்கும் முன் லாடத்தைப் பிடுங்கிச் சதுப்புக் குட்டையில் எறிந்தேன். தடயம் தெரியாமல் இருக்கக் குளம்பை ராவினேன், அதுவும் அதிகமாகப் போய், ஜல்லி குத்தியது அதனால்தான். இரண்டு மாசம் அப்பாவோடு சண்டை போட்டேன், பட்டியலைத் திருத்தினேன், பட்டினி கிடந்தேன், மீனை வைத்து எதிர்ப்பேச்சுப் பேசினேன். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைத் தவிர எல்லாம் செய்தேன்.

பட்டியில் நடந்ததும் நான் எழுதிய மாதிரி இல்லை. லாரிக் கதவைத் திறந்ததும் ஆடுகளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அப்பா பக்கத்தில் போய், 'நான்தாம்பா லாடம் அடிச்சேன்' என்றேன். ஆட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. 'என்ன?' என்றார். மறுபடி சொன்னேன். 'என்னடா?' என்றார். மூன்றாம் தடவை அழுதுகொண்டே கத்தினேன். பாட்டுக்காரர்கள் சரியாக அந்த நேரம் ஒரு அடியை முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டது. இந்தத் தடவை தொலைபேசி தேவைப்படவில்லை.

அப்பா தலையைக் குனிந்தார் என்று எழுதினேனே, அது குளம்பைத் தூக்கிப் பார்க்கக் குனிந்தது. அப்புறம் நிமிர்ந்து தோர்கில்ஸைத் தேடினார்.

'லாடம் உன்னோடதா?'

'என்னோடது.'

'எவ்வளவு கனம்?'

'பத்து.'

'கிழவனுக்குப் பத்தா,' என்றார் அப்பா. தோள் குலுங்கியது. சிரித்தாரா, முதுகு பிடித்துக்கொண்டதா, எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வருஷத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு இதுதான், என் முட்டாள்தனத்தைப் பற்றி.

தனி ஒருவனாக என்றதும் பொய். தோர்கில்ஸ் கையில் ஒரு கயிறு வைத்துக்கொண்டு காலையிலிருந்தே லாரிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நான் வாய் திறக்காவிட்டால் சோர்லியை ஹோல்ட்டுக்குக் கூட்டிப்போய்விட நீ சொல்லியிருந்தாயாம். ஆக, நான் கத்தாமல் இருந்திருந்தாலும் குதிரை பிழைத்திருக்கும். இது தெரிந்தபோது கொஞ்சம் கோபம் வந்தது. அப்புறம் வரவில்லை. வேறு கொட்டிலில் போய் நின்றிருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா இப்போது தினமும் இரண்டு தடவை அவன் காலைத் தடவிப் பார்க்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொல்ல முடியாது.

சதுப்புக் குட்டையில் இடுப்பளவு இறங்கி, வைக்கோல் வாரியால் துழாவி, இரண்டு லாடத்தையும் எடுத்துக் கழுவி ஹோல்ட்டுக்குக் கொண்டுபோனேன். தோர்கில்ஸ் ஒன்றைச் சுவரில் மாட்டினார், இன்னொன்றை என் கையில் திருப்பிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டேன். 'கனமா இருக்கா?' என்றார். அது இப்போது என் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. ஆணி பலமாகத்தான் அடித்திருக்கிறேன், ஆனாலும் தலையை அந்தப் பக்கம் வைத்துப் படுப்பதில்லை.

மன்னித்துவிடு, அக்கா. சோர்லியிடமும் கேட்டேன். அவன் என் பையில் ரொட்டி இருக்கிறதா என்று பார்த்தான்.

காரி

பி.கு. இரண்டாவது கேள்வி. மூன்றாவது இடம்தான், அதில் பொய் இல்லை. ஓடியது மொத்தம் மூன்று குதிரை. இரண்டாவதாக வந்தது உல்வாரின் தங்கை. அவளுக்கு வயசு ஏழு.